ஒரு கென்ய ஷில்லிங்குக்கு எத்தனை தான்சானிய ஷில்லிங்? பழைய மாற்று விகிதங்களைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

1983ஆம் ஆண்டின் அதிகாரபூர்வ அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டின் சராசரிப்படி ஓர் அமெரிக்க டாலருக்கு 13.31 கென்ய ஷில்லிங். அதே டாலருக்கு 11.14 தான்சானிய ஷில்லிங். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், ஒரு கென்ய ஷில்லிங்குக்கு 84 தான்சானிய சென்ட் என்று வருகிறது. தான்சானியாவின் பணம் கென்யாவின் பணத்தைவிட மதிப்பு மிக்கது என்பதே இதன் பொருள். ஆனால் அதே ஆண்டில் தான்சானியாவின் கடைகளில் சோப்பும் சர்க்கரையும் சமையல் எண்ணெயும் கிடைப்பதே அரிதாக இருந்தது. பிரதமர் எட்வர்ட் சொகோய்னே பதுக்கல்காரர்களுக்கும் கடத்தல்காரர்களுக்கும் எதிராக நாடெங்கும் வேட்டை நடத்திக்கொண்டிருந்தார். 1977 பிப்ரவரியில் மூடப்பட்ட கென்ய எல்லை, அந்த 1983 நவம்பரில்தான் மீண்டும் திறந்தது.

அந்த 0.84 பொய்யான எண்ணா என்றால், இல்லை. தார் எஸ் ஸலாமில் இருந்த தான்சானிய மத்திய வங்கி உண்மையிலேயே விதித்திருந்த விகிதத்திலிருந்து வந்த எண்தான் அது. அந்த விகிதத்தில் டாலரோ கென்ய ஷில்லிங்கோ வாங்க யாரால் முடிந்தது என்பதுதான் கேள்வி. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நகரும். ஆப்பிரிக்க நாணயங்கள் இரண்டுக்கு இடையிலான பழைய விகிதங்களைப் பற்றி எழுதுபவர்கள், இணையத்தில் கிடைக்கும் ஓர் எண்ணை அப்படியே எடுத்து ஒட்டிவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு சந்தை இருந்தது. சில ஆண்டுகளில் ஒன்றுக்கு இரண்டு சந்தைகள் இருந்தன.

கென்யாவின் மொம்பாசாவிலோ தான்சானியாவின் மோஷியிலோ கடை நடத்திய குடும்பத்தின் பழைய பேரேடு, ஆய்வுக்காகப் புரட்டும் நிறுவன ஆவணம், ஒரு கடிதத்தில் வரும் தொகை என உங்கள் கையில் இருப்பது எதுவாக இருந்தாலும் படிகள் ஒன்றுதான்.

முதல் படி: ஆவணம் எந்தப் பணத்தில் பேசுகிறது என்று உறுதி செய்யுங்கள்

'ஷில்லிங்' என்ற சொல்லைப் பார்த்ததும் கணக்கைத் தொடங்கிவிடாதீர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பெயருக்குள் பல நாணயங்கள் அடங்கியிருக்கின்றன.

1920க்கு முந்தைய ஆவணம் என்றால் அதில் இருப்பது ரூபாய். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கென்யாவிலும் உகாண்டாவிலும் இந்திய வெள்ளி ரூபாயே புழங்கியது. இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதியான ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர்கள் தங்களுக்கென ஒரு ரூபாயை வெளியிட்டார்கள். முதலில் அது 64 பெசாவாகவும், 1904க்குப் பிறகு 100 ஹெல்லராகவும் பிரிக்கப்பட்டது. எனவே பேரேட்டில் 'பெசா' என்று எழுதியிருந்தால் அதுவே காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1920இல் நடந்தது சாதாரண மாற்றம் இல்லை. அதுவரை ஒரு ரூபாய்க்குப் பிரிட்டிஷ் பணத்தில் 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். முதல் உலகப் போரை ஒட்டி வெள்ளி விலை ஏறியதால் ரூபாயின் மதிப்பும் ஏறியது. ஆட்சியாளர்கள் அதை 2 ஷில்லிங்கில் நிலைநிறுத்தினார்கள், அதாவது ஒரு பவுண்டுக்கு 10 ரூபாய். லண்டனில் காப்பியும் சிசல் என்ற கற்றாழை நாரும் விற்றுப் பவுண்டில் வருமானம் பெற்று, உள்ளூர் வங்கியில் ரூபாயில் கடன் வைத்திருந்தவரின் கடன், ஒரு காசுகூடப் புதிதாக வாங்காமலே பாதி மடங்கு கூடிவிட்டது. பிறகு ரூபாய்க்குப் பதிலாக ஃப்ளோரின் என்ற நாணயம் சிறிது காலம் வந்தது. 1921இல் அதையும் விலக்கிவிட்டுக் கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங் வந்தது. ஒரு ஃப்ளோரினுக்கு இரண்டு ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங்.

சான்சிபார் மட்டும் தன் ரூபாயை 1935 இறுதி வரை வைத்திருந்தது. 1936இல் அது ஷில்லிங்குக்கு மாறியபோது ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங் என்று கணக்கிட்டார்கள். அன்றைய இந்திய ரூபாயின் மதிப்பும் 1 ஷில்லிங் 6 பென்ஸ்தான் என்பதால் இந்த எண் புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

இன்னும் இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங் 100 சென்ட்டாகப் பிரிக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஷில்லிங்கைப் போல 12 பென்ஸாக அல்ல. பேரேட்டில் 15/50 என்று இருந்தால் பதினைந்து ஷில்லிங் ஐம்பது சென்ட் என்று படிக்க வேண்டும். அடுத்தது, 'கென்ய பவுண்டு'. அப்படி ஒரு நோட்டு அச்சாகவில்லை. ஆனால் கென்ய அரசின் வரவுசெலவு அறிக்கைகளும் புள்ளிவிவர ஏடுகளும் பல பத்தாண்டுகள், 1990கள் வரையிலும், இருபது ஷில்லிங்கை ஒரு கென்ய பவுண்டு என்று எண்ணியே தொகைகளை அச்சிட்டன. அதைக் கவனிக்காமல் ஷில்லிங் என்று எடுத்துக்கொண்டால் உங்கள் விடை இருபது மடங்கு தவறிவிடும்.

இரண்டாம் படி: எந்தக் காலகட்டத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

1921 முதல் 1966 வரை கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் உகாண்டாவுக்கும் ஒரே பணம். 1919இல் லண்டனில் அமைக்கப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்க நாணய வாரியம் அதை வெளியிட்டது. இந்தக் காலத்துக்கு 'கென்ய - தான்சானிய விகிதம்' என்ற ஒன்றே கிடையாது. யாராவது 1955க்கு அப்படி ஒரு விகிதம் கொடுத்தால், அது பின்னாளில் கணினி நிரப்பிய வெற்றெண். டாலரில் மட்டும் ஒரு மாற்றத்தை நினைவில் வையுங்கள். 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டது. பவுண்டோடு கட்டப்பட்டிருந்த ஷில்லிங்கும் கூடவே இறங்கி, டாலருக்கு 7.14 என்ற நிலைக்கு வந்தது.

1966இல் மூன்று நாடுகளும் தனித்தனி மத்திய வங்கிகளைத் தொடங்கித் தனித்தனி ஷில்லிங்குகளை வெளியிட்டன. மூன்றுக்கும் ஒரே மதிப்பு: டாலருக்கு 7.14. ஒன்றுக்கு ஒன்று. இந்திய வாசகர் ஒரு சின்னச் சரிபார்ப்பைச் செய்துகொள்ளலாம். இந்திய ரூபாய் 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆக மதிப்பிறக்கம் பெற்றது. அந்த நாளுக்கு முன் ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங், அதாவது சான்சிபாரில் முப்பது ஆண்டுகளுக்கு முன் கணக்கிட்ட அதே விகிதம். அந்த நாளுக்குப் பின் ஒரு ஷில்லிங்குக்கு ஒரு ரூபாய் ஐந்து காசு. இரண்டு நாணயங்களின் இடமும் ஒரே நாளில் தலைகீழாகிவிட்டது.

1967 நவம்பரில் பவுண்டு மீண்டும் மதிப்பிறங்கி 2.40 டாலரானது. இந்த முறை மூன்று கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளும் பின்தொடரவில்லை. ஆகவே ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங் என்ற பழைய பழக்கம் அன்றோடு முடிந்து, ஏறத்தாழ 17.14 ஷில்லிங் ஆனது. 1968ஆம் ஆண்டுக் கணக்கைப் பவுண்டு வழியாக மாற்றுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

1975 இறுதியில் கென்யாவும் தான்சானியாவும் தங்கள் ஷில்லிங்கை டாலரிலிருந்து கழற்றிப் பன்னாட்டு நாணய நிதியத்தின் எஸ்.டி.ஆர். என்ற கணக்கு அலகோடு பொருத்தின. இருவரும் தேர்ந்தெடுத்த விகிதமும் ஒன்றே. ஆகவே பதிவேட்டில் ஒன்றுக்கு ஒன்று தொடர்ந்தது. அதற்கு முன்பே, 1970களின் தொடக்கத்தில், ஒரு நாட்டு நோட்டை அடுத்த நாட்டில் தடையின்றி மாற்றும் வசதியை அரசுகள் இறுக்கத் தொடங்கிவிட்டன. சமம் என்ற சொல் ஏட்டில் இருந்தது, கவுண்டரில் இல்லை.

1986க்குப் பிறகு கதை வேறு. அதை ஐந்தாம் படியில் விரிவாகப் பார்ப்போம்.

உகாண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நாட்டின் விகிதத்தைத் தேடுகிறீர்கள் என்றால், 1987 மே மாதத்தில் நூறு பழைய ஷில்லிங்கை ஒரு புதிய ஷில்லிங்காக மாற்றிவிட்டார்கள் என்பதை மறக்காதீர்கள். பல தரவுத்தளங்கள் அதற்கு முந்தைய ஆண்டுகளையும் புதிய ஷில்லிங்கிலேயே திருத்திப் போட்டிருக்கும். அதனால் 1966க்கு எதிரே 0.07 என்ற விசித்திரமான எண் தெரியும். தவறு எதுவும் இல்லை, நூறால் பெருக்கினால் பழைய 7.14 வந்துவிடும். கென்யாவிலும் தான்சானியாவிலும் அப்படிப் பூச்சியங்களை வெட்டியதே இல்லை என்பது நமக்குப் பெரிய வசதி.

மூன்றாம் படி: டாலர் வழியாக வகுத்து எடுங்கள்

பழைய காலத்தில் இந்த இரண்டு ஷில்லிங்குகளுக்கும் நேரடி விகிதம் அச்சான இடங்கள் மிகக் குறைவு. இரண்டையும் டாலரில் எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுப்பதே வழி. இதைக் குறுக்கு விகிதம் என்பார்கள். ஒரு டாலருக்கான தான்சானிய ஷில்லிங்கை, ஒரு டாலருக்கான கென்ய ஷில்லிங்கால் வகுத்தால், ஒரு கென்ய ஷில்லிங்குக்கு எத்தனை தான்சானிய ஷில்லிங் என்பது கிடைக்கும்.

பன்னாட்டு நாணய நிதியத்தின் நிதிப் புள்ளிவிவரங்களிலும் உலக வங்கியின் தரவுத்தளத்திலும் இரண்டு நாட்டுக்கும் ஆண்டுச் சராசரி கிடைக்கிறது. அதிலிருந்து நான் வகுத்து எடுத்தவை இவை. முதல் எண் டாலருக்கான கென்ய ஷில்லிங், இரண்டாவது டாலருக்கான தான்சானிய ஷில்லிங், கடைசி எண் குறுக்கு விகிதம்.

1966: 7.14 | 7.14 | 1.00
1980: 7.42 | 8.20 | 1.10
1983: 13.31 | 11.14 | 0.84
1985: 16.43 | 17.47 | 1.06
1986: 16.23 | 32.70 | 2.01
1987: 16.45 | 64.26 | 3.91
1990: 22.91 | 195.06 | 8.51
1993: 58.00 | 405.27 | 6.99
1995: 51.43 | 574.76 | 11.18
2000: 76.18 | 800.41 | 10.51
2005: 75.55 | 1,128.93 | 14.94
2015: 98.18 | 1,991.39 | 20.28
2020: 106.45 | 2,294.15 | 21.55

இருபது ஆண்டுகள் ஒன்றைச் சுற்றியே நின்ற விகிதம், 1985க்கும் 1990க்கும் இடையில் எட்டு மடங்கு பாய்கிறது. இந்த அட்டவணையை மட்டும் படிப்பவர், தான்சானியப் பொருளாதாரம் 1985 வரை நன்றாக இருந்து 1986இல் திடீரென்று சரிந்தது என்று முடிவு கட்டிவிடுவார். நடந்தது ஏறத்தாழ அதற்கு நேர்மாறானது.

நான்காம் படி: ஆண்டுச் சராசரியா, ஆண்டின் கடைசி நாளா?

ஆண்டு முழுவதும் பரவிய வருமானம், செலவு, ஏற்றுமதி ஆகியவற்றுக்குச் சராசரியை எடுங்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்த கடன், வங்கி இருப்பு, சொத்து ஆகியவற்றுக்கு அந்த நாளை ஒட்டிய விகிதத்தை எடுங்கள். அமைதியான ஆண்டுகளில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கொந்தளிப்பான ஆண்டுகளில் இருக்காது.

கென்யாவின் 1992 முதல் 1994 வரையிலான மூன்று ஆண்டுகளைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. 1991 நவம்பரில் உதவி வழங்கும் நாடுகள் கென்யாவுக்கான நிதியை நிறுத்திவைத்தன. 1992 டிசம்பரில் பல கட்சித் தேர்தல். அதையொட்டிப் பணப் புழக்கம் தாறுமாறாகப் பெருகியது. கோல்டன்பர்க் ஊழலில், நடக்காத தங்க ஏற்றுமதிக்கு அரசுக் கருவூலத்திலிருந்து ஊக்கத்தொகை கொட்டப்பட்டது. 1992 இறுதியில் டாலருக்கு 36 ஷில்லிங்காக இருந்தது, 1993 இறுதியில் 68ஐத் தொட்டது. அந்த ஆண்டில்தான் கென்யா தன் நாணயத்தைச் சந்தையின் போக்கில் விட்டது. பணத்தை இறுக்க வட்டி விகிதத்தை மிக உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். வெளிநாட்டுப் பணம் உள்ளே வந்தது. 1994 இறுதியில் டாலர் 45 ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியது.

இதே நாட்களில் தான்சானிய ஷில்லிங் 335, 480, 523 என்று ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்டின் கடைசி நாள் விகிதத்தில் வகுத்தால் 1992இல் 9.25, 1993இல் 7.04, 1994இல் 11.67. சராசரியில் வகுத்தால் 1994க்கு வருவது 9.09 மட்டுமே. ஒரே ஆண்டு, இரண்டு விடைகள், இடைவெளி கால் பங்குக்கும் மேல். அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த ஒரு நிலக் கிரயத்தைச் சராசரி விகிதத்தில் மாற்றி எழுதினால், விற்றவரின் கையில் இல்லாத பணத்தை நீங்கள் வைத்துவிடுகிறீர்கள், அல்லது இருந்ததைப் பிடுங்கிவிடுகிறீர்கள்.

அண்மைக் காலத்திலும் இதே பாடம் திரும்பியது. 2022 தொடக்கத்தில் டாலருக்கு 113ஆக இருந்த கென்ய ஷில்லிங், 2024 ஜனவரியில் 160ஐ ஒட்டிச் சரிந்தது. அந்த ஜூனில் முதிர்வடைய இருந்த 200 கோடி டாலர் யூரோ பத்திரத்தை (வெளிநாட்டுச் சந்தையில் டாலரில் விற்ற கடன் பத்திரம்)க் கென்யாவால் திருப்பித் தர முடியுமா என்ற அச்சம் சந்தையை ஆட்டியது. பிப்ரவரியில் புதிய பத்திரம் விற்று, பழையதன் பெரும்பகுதியை முன்கூட்டியே திருப்பி வாங்கியதும் ஷில்லிங் நிமிர்ந்து, ஆண்டின் நடுவில் 130க்கு வந்தது. 2024க்கு ஒரே ஒரு சராசரியை எழுதினால் இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் மறைந்துபோகும். மாதச் சராசரி கிடைக்கும் காலத்துக்கு ஆண்டுச் சராசரியைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் படி: அந்த விகிதத்தில் பணம் யாருக்குக் கிடைத்தது என்று கேளுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு மையம். நிதானமாகப் பார்ப்போம்.

1970களின் இறுதியில் தான்சானியாவுக்கு அடுத்தடுத்து அடி விழுந்தது. எண்ணெய் விலை ஏறியது. 1977இல் கென்யாவும் தான்சானியாவும் உகாண்டாவும் சேர்ந்து நடத்திய கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற கூட்டமைப்பு உடைந்தது. கூட்டாக நடத்திய ரயில்வேயும் விமான நிறுவனமும் பிரிந்தன. 1978-79இல் இடி அமீனின் உகாண்டாவோடு நடந்த போரின் செலவு முழுவதும் நாட்டின் தலையில் விழுந்தது. கையிருப்பு டாலர் கரைந்தது. அரசு ஷில்லிங்கின் அதிகாரபூர்வ மதிப்பைக் குறைக்கத் தயங்கியது. அதிபர் ஜூலியஸ் நைரேரே, மதிப்பிறக்கத்தைக் கேட்ட பன்னாட்டு நாணய நிதியத்தின் நிபந்தனைகளை வெளிப்படையாகவே எதிர்த்தார். அவருடைய எதிர்ப்பில் நியாயமான பகுதிகள் இருந்தன என்றே நான் நினைக்கிறேன். ஓர் ஏழை நாட்டின் ரேஷன் விலையை வெளியிலிருந்து யாரோ முடிவு செய்வதை எந்தத் தலைவரும் எளிதில் ஏற்கமாட்டார். ஆனால் விகிதத்தைத் தேவையான அளவு இறக்காமல் வைத்திருந்ததற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால், காப்பியும் பருத்தியும் முந்திரியும் விளைவித்த சிறு விவசாயிகள்தான். அவர்கள் விளைச்சல் டாலருக்கு விற்கப்பட்டது. அவர்களுக்கு அதிகாரபூர்வ விகிதத்தில் ஷில்லிங் கொடுக்கப்பட்டது.

அந்த விகிதத்தில் டாலர் பெற்றவர்கள் இறக்குமதி உரிமம் வைத்திருந்த அரசு நிறுவனங்களும் சிலரும் மட்டுமே. மற்றவர்களுக்குக் கள்ளச் சந்தை இருந்தது. எல்லையோர ஊர்களில் 'மகெண்டோ' என்ற சுவாஹிலிச் சொல் கடத்தல் வணிகம் முழுவதையும் குறித்தது. கிளிமஞ்சாரோ பக்கத்துக் காப்பி கென்யாவுக்குள் இரவில் போனது. சோப்பும் துணியும் திரும்பி வந்தன. அந்த வணிகத்தில் கென்ய ஷில்லிங்கே நம்பகமான பணம். கள்ளச் சந்தையில் டாலரின் விலை அதிகாரபூர்வ விலையைப் போலப் பல மடங்காக இருந்தது. ஆகவே எல்லையில் ஒரு கென்ய ஷில்லிங்குக்கு 0.84 தான்சானிய ஷில்லிங் வாங்கிக்கொண்டு போக எவரும் ஆயத்தமாக இல்லை.

1983இல் சொகோய்னே நடத்திய நடவடிக்கையில் 'வஹுஜுமு உச்சுமி', அதாவது பொருளாதாரச் சதிகாரர்கள் என்ற பெயரில் பல வணிகர்கள் கைதானார்கள். கடைகளில் பொருள் பெருகவில்லை. 1984இல் அரசு வேறு வழியைத் திறந்தது: சொந்தமாக அந்நியச் செலாவணி வைத்திருப்பவர்கள், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இல்லாமல் பொருள் இறக்குமதி செய்யலாம். இரண்டாவது விகிதம் ஒன்று இருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது.

1985 நவம்பரில் நைரேரே பதவி விலகி, அலி ஹசன் முவினி வந்தார். 1986 ஜூனில் ஷில்லிங் டாலருக்கு 17இலிருந்து ஒரே அடியாக 40க்குக் குறைக்கப்பட்டது. நாணய நிதியத்தோடு ஒப்பந்தமும் கையெழுத்தானது. பிறகு மாதாமாதம் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டே போனார்கள். 1992இல் நாணய மாற்றுக் கடைகள் சட்டப்படி திறந்தன. 1993இல் இரண்டு விகிதங்களும் ஒன்றாயின. ஆகவே 1985 முதல் 1990 வரை அட்டவணை காட்டும் எட்டு மடங்குப் பாய்ச்சலின் பெரும்பகுதி, கடைத்தெருவில் முன்பே நடந்து முடிந்திருந்த சரிவை அரசு ஏட்டில் ஏற்றிக்கொண்டதுதான்.

நடைமுறையில் என்ன செய்வது? 1970களின் பிற்பகுதி முதல் 1993 வரை தான்சானியாவுக்கு இரண்டு விகிதங்களையும் தேடுங்கள். அந்தக் காலத்தின் கள்ளச் சந்தை விகிதங்களை நியூயார்க்கிலிருந்து வெளியான பிக்ஸ் கரன்சி இயர்புக் என்ற ஆண்டேடு நாடுவாரியாகத் தொகுத்து வந்தது. பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் பழைய தொகுதிகளைப் பார்க்கலாம். உலக வங்கியும், அதிகாரபூர்வ விகிதம் நடைமுறையிலிருந்து மிகவும் விலகும் ஆண்டுகளுக்கு மாற்றுக் காரணி ஒன்றைத் தனியாக வெளியிடுகிறது. அரசு நிறுவனத்தின் இறக்குமதிக் கணக்கு என்றால் அதிகாரபூர்வ விகிதம் பொருந்தும். தனி மனிதர் ஊருக்கு அனுப்பிய பணம், எல்லை வணிகம் என்றால் பொருந்தாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவதே நேர்மை.

கென்யாவிலும் செலாவணிக் கட்டுப்பாடு இருந்தது. கள்ள விகிதமும் இருந்தது. ஆனால் இடைவெளி தான்சானியா அளவுக்கு அகலவில்லை. அங்கு நாணய மாற்றுக் கடைகளுக்கு 1995இல் உரிமம் கிடைத்தது.

ஆறாம் படி: எந்தப் பணம் நகர்ந்தது என்று பிரித்துப் பாருங்கள்

குறுக்கு விகிதத்தில் இரண்டு நாடுகளின் கதை ஒரே எண்ணுக்குள் சுருண்டிருக்கிறது. 1990இல் 8.51ஆக இருந்தது 1993இல் 6.99 ஆகிறது. தான்சானிய ஷில்லிங் வலுவடைந்ததா? டாலரைப் பாருங்கள்: 195இலிருந்து 405 ஆகிவிட்டது. இரண்டும் சரிந்தன, கென்யா அதைவிட வேகமாகச் சரிந்தது. 2020இல் 21.55ஆக இருந்த விகிதம் 2023இல் ஏறத்தாழ 17க்கு வந்ததும் அப்படித்தான். தான்சானிய ஷில்லிங் டாலருக்கு எதிராகச் சிறிதளவே இறங்கியது. கென்ய ஷில்லிங் 106இலிருந்து 140க்குப் போனது. விகிதம் மாறியது என்று எழுதும் ஒவ்வொரு முறையும் இரண்டு டாலர் எண்களையும் உடன் எழுதினால் வாசகர் ஏமாறமாட்டார்.

ஏழாம் படி: திசையையும் வாங்கும், விற்கும் விலையையும் கவனியுங்கள்

கென்ய மத்திய வங்கி டாலர், பவுண்டு, ரூபாய் போன்றவற்றுக்கு இத்தனை கென்ய ஷில்லிங் என்று விகிதம் தருகிறது. தான்சானிய, உகாண்டா ஷில்லிங்குகள் போன்றவற்றுக்குத் திருப்பிப் போட்டு, ஒரு கென்ய ஷில்லிங்குக்கு இத்தனை என்று தருகிறது. ஒரே பட்டியலில் இரண்டு திசைகள். தரவைக் கணினியில் இறக்கி ஒரே சூத்திரத்தில் ஓட்டுபவர்கள் இதில் விழுந்துவிடுவார்கள்.

நமங்கா, தவேத்தா, லுங்கா லுங்கா போன்ற எல்லை ஊர்களில் மாற்றிய பணமாக இருந்தால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள விகிதத்தில் யாருக்கும் கிடைத்திருக்காது. டாலர் வழியாக மாற்றியவர் இரண்டு முறை இடைவெளியை இழந்திருப்பார். நோட்டுகளின் ஆயுளையும் பாருங்கள்: கென்யாவின் பழைய 1,000 ஷில்லிங் நோட்டு 2019 அக்டோபர் 1 முதல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய சில மாதங்களுக்கான எல்லைக் கணக்கைக் கூடுதல் எச்சரிக்கையோடு படியுங்கள்.

எட்டாம் படி: விலைவாசியோடு ஒப்பிடுங்கள்

1980களில் தான்சானியாவின் பணவீக்கம் பெரும்பாலும் ஆண்டுக்கு முப்பது விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. கென்யாவில் அதைவிட மிகக் குறைவு. விலைகள் இப்படி விலகிப் போகும்போது விகிதம் மட்டும் ஒன்றில் நின்றால் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஒரு எளிய சோதனை போதும். தொடக்க ஆண்டின் குறுக்கு விகிதத்தை எடுத்து, தான்சானிய விலைக் குறியீட்டின் வளர்ச்சியால் பெருக்கி, கென்ய விலைக் குறியீட்டின் வளர்ச்சியால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண், அட்டவணையின் எண்ணிலிருந்து மிகவும் தள்ளி இருந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

ஒன்பதாம் படி: விடையை எப்படி எழுதி வைப்பது

ஒரு கற்பனைக் கணக்கு. மோஷியில் இருந்த ஒரு கடையின் பேரேட்டில் '1986, ஷில்லிங் 24,000/-' என்று இருக்கிறது. கென்ய ஷில்லிங்கில் எவ்வளவு?

மார்ச் மாதப் பதிவு என்றால், மதிப்பிறக்கத்துக்கு முந்தைய அதிகாரபூர்வ விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. விடை 23,000 முதல் 24,000 வரை. ஆண்டுச் சராசரியான 2.01இல் வகுத்தால் சுமார் 11,900. டிசம்பர் இறுதிப் பதிவு என்றால் டாலருக்கு 51.7 தான்சானிய ஷில்லிங், 16.04 கென்ய ஷில்லிங். குறுக்கு விகிதம் 3.22, விடை சுமார் 7,450. அதே நாளில் எல்லையில் ரொக்கமாக மாற்றியிருந்தால் அதைவிடவும் குறைவு. ஒரே பேரேடு, ஒரே ஆண்டு, ஒரே தொகை.

எனவே குறிப்பில் தொகையை மட்டும் எழுதாதீர்கள். நான் எழுதுவது இப்படி: '24,000 தான்சானிய ஷில்லிங் (1986 டிசம்பர்); ஆண்டு இறுதி அதிகாரபூர்வ விகிதம், டாலர் வழியாக, 3.22, சுமார் 7,450 கென்ய ஷில்லிங். கள்ளச் சந்தை விகிதத்தில் இன்னும் குறைவு.' மாதம் தெரியாத பதிவென்றால், பேரேட்டின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் தேதியுள்ள பதிவுகளைத் தேடுங்கள். ஜூன் மாதத்துக்கு முன்னா பின்னா என்று தெரிந்தாலே 1986இன் கணக்கு பாதி தீர்ந்துவிடும்.